பழுப்பு விலாச் சங்கு: ஒரு புதைபடிவ நத்தைக்குப் பெயர் தேடிய அனுபவம்

கால்வர்ட் கிளிஃப்ஸ் கடற்கரைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சுறாப்பல் தேடித்தான் வருகிறார்கள். பிள்ளைகள் கையில் சல்லடை, பெரியவர்கள் கையில் காபி. பல் கிடைத்தால் ஒரு கூச்சல், கிடைக்காவிட்டால் திரும்பும் வழியில் ஐஸ்கிரீம். காலடியில் கிடக்கும் சங்குத் துண்டுகளை யாரும் சட்டை செய்வதில்லை. எனக்கு அவற்றின் மேல்தான் கண். பெரிய காரணம் ஒன்றுமில்லை. சுறாப்பல்லுக்குப் போட்டி அதிகம், சங்குக்குக் கிடையாது.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மேரிலாண்டு மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் மேற்குக் கரையோரம் முப்பது நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் செங்குத்தான மண்மேட்டுச் சரிவு இது. சில இடங்களில் உயரம் 30 மீட்டரைத் தாண்டும். ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, மயோசீன் காலத்தில், இங்கே இருந்த கடலின் தரை அடுக்கடுக்காக வெளியே தெரிகிறது. 600-க்கும் மேற்பட்ட உயிரினங்களின் புதைபடிவங்களை இதுவரை இங்கே அடையாளம் கண்டிருக்கிறார்கள். லஸ்பி என்ற ஊரில் உள்ள மாநிலப் பூங்காவில் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுப் பாதையில் 1.8 மைல் நடந்தால் கடற்கரை. மணலில் கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம். சரிவின் அடிவாரத்துக்குப் போவதும், சரிவைத் தோண்டுவதும் தடை. அந்தத் தடையை மதியுங்கள். மழைக்குப் பிறகு லாரி லோடு கணக்கில் மண் இறங்குகிற இடம் அது.

மணலில் கிடக்கும் நத்தை ஓடுகள் பெரும்பாலும் வெள்ளை. இரு விரலால் அழுத்தினாலே மாவாகிவிடும். அவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு செம்பழுப்புத் துண்டு கண்ணில் படும். கெட்டியாக இருக்கும், அழுத்தினால் உடையாது, வெளிப்பக்கம் உயரமான விலாக்கள் ஓடும். அதுதான் எக்ஃபோரா. மேரிலாண்டு மாநிலத்தின் அதிகாரபூர்வ புதைபடிவச் சங்கு. இன்று உலகில் எந்தக் கடலிலும் உயிரோடு இல்லாத பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி.

பேரினத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. அதற்குமேல் "எக்ஃபோராவில் எது?" என்று கேட்டுக்கொண்டு இறங்கினால்தான் வேலையே ஆரம்பிக்கிறது. அந்த வேலையில் நான் பழகிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எக்ஃபோரா கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான்.

முதலில் சங்கைப் பிடிக்கும் விதம். கூம்பின் நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்து. அப்படிப் பிடித்தபின் வாய் உங்கள் வலப்பக்கம் இருந்தால் அறிவியல் கணக்கில் அது வலச்சுருள். மிகப் பெரும்பாலான கடல் நத்தைகள் இப்படித்தான். இடப்பக்கம் இருந்தால் இடச்சுருள். நம் ஊர் வழக்கு இதற்கு நேர் எதிர். நாம் வலம்புரி என்று பூஜையில் வைப்பது அறிவியலில் இடச்சுருள். தமிழ்க் குறிப்பையும் ஆங்கில நூலையும் சேர்த்து வைத்துப் படிப்பவர்கள் இதை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வலம்புரி என்றதும் என் மாமனார் நினைவு வருகிறது. தூத்துக்குடிக்காரர், சங்கு வியாபாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். இங்கே வந்திருந்தபோது கடைத்தெருவில் ஒரு நினைவுப்பொருள் கடையில் இடச்சுருள் சங்கு ஒன்றைக் கையில் எடுத்தார். அமெரிக்க அட்லாண்டிக் கரையில் கிடைக்கும் லைட்னிங் வெல்க் என்ற சங்கு அது. "மாப்பிள்ளை, இதைத்தான் நம்ம ஊர்ல வலம்புரின்னு தலையில கட்டுறாங்க. உள்ள விரலை விட்டுத் தூணைத் தடவிப் பாருங்க. மடிப்பு இருக்கா? இல்லை. நிஜச் சங்குன்னா மடிப்பு தட்டும்" என்றார். முற்றிலும் சரி. நம் பூஜைச் சங்கான டர்பினெல்லா பைரமின் நடுத்தூணில், அதாவது சுற்றுகள் சுற்றிவரும் அச்சில், மூன்று நான்கு மடிப்புகள் புடைத்துத் தெரியும்; லைட்னிங் வெல்க்கில் அவை கிடையாது. நூல் எதையும் புரட்டாமல் விரல் நுனியிலேயே குடும்பத்தைப் பிரித்துவிட்டார்.

அந்தத் தடவல்தான் எனக்குப் பெரிய பாடம். சங்கின் வெளி உருவம் ஏமாற்றும். ஒரே விதமான வாழ்க்கை வாழும் வெவ்வேறு குடும்பத்து நத்தைகள் ஒரே மாதிரி உருவம் எடுக்கும். வாய், தூண், தொப்புள் (அடிப்பக்கக் குழி), வாய்க்குக் கீழே இறங்கும் கால்வாய் ஆகியவை அவ்வளவு எளிதில் ஏமாற்றா. உயரமாக, ஒல்லியாக, சுற்றுச் சுற்றாகப் போகும் எதையும் டரிடெல்லா என்று சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. வாயைப் பாருங்கள். டரிடெல்லாவின் வாய் ஏறக்குறைய வட்டம், கீழே கால்வாய் கிடையாது. டெரிப்ரா என்றால் வாயின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். செரித்தியம் என்றால் சற்றே முறுக்கிய சிறு கால்வாய் இருக்கும். வயோமிங் மாநிலத்திலிருந்து வரும் ஒரு பளபளப்பான கல்லை டரிடெல்லா அகேட் என்ற பெயரில் நகைக்கடைகளில் இன்றும் விற்கிறார்கள். அதற்குள் இருப்பது எலிமியா டெனெரா. ஈயோசீன் கால ஏரியில் வாழ்ந்த நன்னீர் நத்தை. கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி யாராலும் பிய்க்க முடியாது.

எக்ஃபோராவுக்கு வருவோம். கையில் கிடைத்தது துண்டு என்றால் வருத்தப்படாதீர்கள். சொல்லப்போனால் உடைந்த துண்டுதான் முதல் அடையாளத்துக்கு வசதி. உடைந்த முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். விலாவின் வெட்டுமுகம் தண்டவாளத்தின் வெட்டுமுகத்தைப் போல இருக்கும்: அடியில் ஒடுங்கிய கழுத்து, மேலே இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைத் தலை. முழுச் சங்கில் மேலிருந்து பார்க்கும்போது தட்டையான பட்டை மட்டும்தான் தெரியும். அதன் அடியில் குடைந்திருப்பது உடைந்தால்தான் தெளிவாகும். இந்த வடிவம் கொண்ட விலாவும் செம்பழுப்பு நிறமும் சேர்ந்து வந்தால் வேறு எதோடும் குழம்ப வழியில்லை.

நிறத்துக்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான நத்தைகளின் ஓடு அரகோனைட் என்ற சுண்ணக் கனிமத்தால் ஆனது. மண்ணுக்குள் லட்சக்கணக்கான ஆண்டு நனைந்தால் அது எளிதில் கரையும், பொடியும். எக்ஃபோராவின் வெளிப்படலம் கால்சைட். அது தாக்குப்பிடிக்கிறது. உள்படலம் வழக்கம்போல வெள்ளையாகப் பொடிந்து உதிர்ந்திருக்கும், வெளியே பழுப்பு மிச்சமிருக்கும். 2015-ல் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் நான்ஸ், ராபர்ட் ஹேசன் குழுவினர் இந்தச் சங்குகளை நீர்த்த அமிலத்தில் கரைத்தபோது கடைசியில் மெல்லிய பழுப்புப் படலங்கள் மிஞ்சின. ஓட்டின் கனிமத்தைப் பிணைத்து வைத்திருந்த புரதத்தின் எச்சம் என்று காட்டினார்கள். 80 லட்சம் முதல் 1.8 கோடி ஆண்டு வயதான ஓட்டில் புரதம்! அதைப் படித்த பிறகு பழுப்புத் துண்டு ஒன்றைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. கனிமம் எது என்று பார்க்க வினிகர் விட்டுச் சோதிக்கச் சொல்வார்கள். கால்சைட்டும் நுரைக்கும், அரகோனைட்டும் நுரைக்கும். சோதனையில் தெரிவது ஒன்றுமில்லை, ஓட்டின் மேற்பரப்புதான் போகும்.

குடும்பம் மியூரிசிடே. நம் கடலோரத்தில் யானைமுள்ளி என்று சொல்லும் முள்சங்கின் குடும்பம்தான். மாமனாரிடம் ஓரளவு முழுசான எக்ஃபோராவைக் கொடுத்தபோது, ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு, "முள்ளு இல்லை, ஆனா சாதி அதுதான். வாய்க்குக் கீழ வாய்க்கால் போகுது பாருங்க" என்றார். அந்த வாய்க்கால்தான் சைஃபன் கால்வாய். நீரை உறிஞ்சி, இரையின் வாசத்தை முகர்ந்து போகும் ஊன்தின்னி நத்தைகளுக்கு அது வேண்டும். கூடவே கவனிக்க வேண்டியது தொப்புள், அதாவது சங்கின் அடிப்பக்கம் தூணை ஒட்டி இருக்கும் குழி. எக்ஃபோராவில் அது அகலமாகத் திறந்திருக்கும். மணலும் களிமண்ணும் அடைத்துக்கொண்டிருந்தால் ஈரமான மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். உலோக ஊசி வேண்டாம்.

மியூரிசிடே நத்தைகள் மற்ற சிப்பிகளின் ஓட்டைத் துளைத்துத் தின்னும். அதனால் எக்ஃபோரா கிடைக்காத நாளிலும் அதன் உறவுக்காரர்களின் வேலை காலடியில் கிடக்கும். துளையிட்ட சிப்பியை எடுத்து ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். துளையின் ஓரம் சரிந்து, வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் இருந்தால் பெரும்பாலும் நாட்டிசிடே குடும்பத்து மூன் ஸ்னெய்ல். கிணறு வெட்டியதுபோல நேர்ச்சுவராக இறங்கினால் மியூரிசிடே என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான், தேய்ந்த ஓட்டில் ஓரம் சரிந்துபோய்க் குழப்பும்.

இனி இனம். விலாக்களை எண்ணுவதில் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் கடைசிப் பெரிய சுற்றில் மட்டும். மேல் சுற்றுகளில் கீழ் விலாக்களை அடுத்த சுற்று மூடியிருக்கும். அங்கே எண்ணினால் கணக்கு குறையும். கால்வர்ட் என்ற பழைய அடுக்கில் மூன்று விலாச் சங்கு ஒன்று கிடைக்கிறது. 1904-ல் மார்ட்டின் அதை எக்ஃபோரா ட்ரைகோஸ்டேட்டா என்று விவரித்தார். பின்னாளில் அதற்கென்று ட்ரைசெக்ஃபோரா என்ற தனிப் பேரினமே வைத்தார்கள். நான்கு விலா என்றால் எக்ஃபோராவின் மைய வரிசை. சிக்கலும் அங்கேதான், ஏனென்றால் நான்கு விலா உள்ளவை பல.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். தாமஸ் சே என்ற அமெரிக்க உயிரியலாளர் 1824-ல் நான்கு விலாச் சங்கு ஒன்றை ஃபியூசஸ் குவாட்ரிகோஸ்டேட்டஸ் என்று விவரித்தார். 1843-ல் கான்ராடு எக்ஃபோரா என்ற பேரினத்தை அமைத்தார். சேயின் சங்கு எக்ஃபோரா குவாட்ரிகோஸ்டேட்டா ஆனது. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக, நான்கு விலா இருந்தால் குவாட்ரிகோஸ்டேட்டா என்பதே வழக்கம். 1984-ல் மேரிலாண்டு தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்ததும் அந்தப் பெயரில்தான். 1987-ல் ட்ரூயிட் வில்சன் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிப் பார்த்துவிட்டு, குவாட்ரிகோஸ்டேட்டா என்பது வர்ஜீனியா பக்கத்து யார்க்டவுன் அடுக்கில், மயோசீனுக்கு அடுத்த பிளையோசீன் காலத்தில் கிடைப்பது, மேரிலாண்டின் செயின்ட் மேரிஸ் அடுக்கில் கிடைப்பது அதைவிடப் பழைய, வேறொரு இனம் என்று பிரித்தார். புதிய இனத்துக்கு எக்ஃபோரா கார்ட்னரே என்று பெயர் வைத்தார். மாநிலம் சட்டத்தையே திருத்தி, 1994 அக்டோபர் 1 முதல் புதிய பெயரை ஏற்றுக்கொண்டது. ஒரு நத்தையின் வகைப்பாட்டுக்காகச் சட்டசபை கூடி வாக்களித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வரும்.

கார்ட்னரே என்பது ஜூலியா கார்ட்னர் நினைவாக வைத்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய தொல்லுயிரியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் பசிபிக் கடல் தாண்டிக் குண்டுகட்டிய பலூன்களை அமெரிக்காவுக்குப் பறக்கவிட்டது. பலூனில் எடைக்காகக் கட்டியிருந்த மூட்டைகளின் மணலை எடுத்து, அதிலிருந்த நுண்சிப்பிகளையும் கனிமங்களையும் பார்த்து, எந்தக் கடற்கரை மணல் என்று தேடிய குழுவில் கார்ட்னரும் ஒருவர். சங்கையும் அது வந்த மண்ணையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதனால்தான் சங்கு எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது என்பதை வற்புறுத்துகிறேன். நான்கு விலா இனங்களைப் பிரிக்க நூல்கள் விலாவின் அகலம், தொப்புளின் விரிவு, விலாக்களுக்கு இடையே ஓடும் நுண்வரிகள் என்று பலதையும் ஒப்பிடுகின்றன. கையில் பாதி உடைந்த சங்கை வைத்துக்கொண்டு அவற்றை அளப்பது பெரும்பாடு. எந்த அடுக்கு என்று தெரிந்தால் போட்டியில் நிற்கும் பெயர்கள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். சாப்டேங்க் அடுக்கு என்றால் 1988-ல் விவரித்த எக்ஃபோரா மெகானேயை முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே இருக்கும் செயின்ட் மேரிஸ் என்றால் கார்ட்னரே.

கால்வர்ட் கரையில் அடுக்குகள் தென்கிழக்கே மிக மெல்லச் சாய்ந்திருக்கின்றன. வடக்கே செசபீக் பீச் ஊர்ப்பக்கம் கடற்கரை மட்டத்தில் நிற்பது பழைய கால்வர்ட் அடுக்கு. தெற்கே போகப் போக அது தரைக்குள் இறங்கி, சாப்டேங்க் வருகிறது. அதற்கும் தெற்கே செயின்ட் மேரிஸ். வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறித்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிதான் தொல்லை. ஒரே சரிவில் இரண்டு அடுக்குகள் மேலும் கீழுமாக இருக்கும் இடங்களில், மணலில் கிடக்கும் சங்கு எதிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது. அலையும் அதைப் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கும்.

அந்த நிலையில் எனக்குக் கைகொடுப்பவை கூடவே கிடக்கும் விசிறிச் சிப்பிகள். செசபெக்டன் என்ற பேரினம். லாக் வார்டு, பிளேக் பிளாக்வெல்டர் இருவரும் 1975-ல் இவற்றை அடுக்குவாரியாகப் பிரித்து வரிசைப்படுத்தினார்கள். கால்வர்ட் அடுக்கில் செசபெக்டன் காக்சிமெலஸ், சாப்டேங்கில் நெஃப்ரென்ஸ், செயின்ட் மேரிஸில் சான்டமரியா, பிளையோசீன் காலத்து யார்க்டவுனின் கீழ்ப்பகுதியில் ஜெஃபர்சோனியஸ். கடைசியாகச் சொன்னது பக்கத்து வர்ஜீனியாவின் மாநிலப் புதைபடிவம். ஒரு மண்கட்டிக்குள் எக்ஃபோரா துண்டும் விசிறிச் சிப்பித் துண்டும் ஒட்டிக்கொண்டு கிடைத்தால் பிரிக்காதீர்கள். அப்படிக் கிடைத்த கட்டி ஒன்று என் மேசையில் இருக்கிறது. பார்க்க அழகே இல்லை. நீலச்சாம்பல் களிமண், அதில் பாதி விலா ஒன்று எட்டிப் பார்க்கிறது, பக்கத்தில் சிப்பியின் காது, அதாவது கீல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. ஆனால் என்னிடம் இருப்பதிலேயே உறுதியான பெயர் அதற்குத்தான் இருக்கிறது. வழுவழுவென்று முழுசாகக் கிடைத்த சங்குக்கு அந்த உறுதி இல்லை.

முழுச் சங்கு கைக்கு வந்தால் முதல் வேலை அதைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வது. களிமண்ணில் ஈரமாக இருந்த ஓடு வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்து உள்படலம் உதிரும். ஈரக் காகிதத்தில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்து, வீட்டில் நாலைந்து நாள் நிழலில் மெல்லக் காய வையுங்கள். பிறகு கெட்டிப்படுத்த வேண்டுமென்றால் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் மிக நீர்க்கக் கரைத்துத் தூரிகையால் தொட்டு விடலாம். வேண்டாம் என்று தோன்றும் நாளில் அசிட்டோன் விட்டே அதை எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் அருமை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். வார்னிஷ், நகப்பூச்சு என்று கைக்குக் கிடைத்ததைப் பூசினால் விலாக்களுக்கு இடையே இருக்கும் நுண்வரிகள் மூடிப்போகும். இனத்தைப் பிரிப்பதே அந்த வரிகளை வைத்துத்தான்.

படம் எடுக்கும்போது வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, தாழ்வாக வரட்டும். நேர் வெளிச்சத்தில் விலாக்கள் தட்டையாகிவிடும். வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், உச்சியிலிருந்து, தொப்புளிலிருந்து என்று நான்கு கோணம், எல்லாவற்றிலும் பக்கத்தில் ஓர் அளவுகோல். நாணயம் வைத்து எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உலகத்தில் எல்லோருக்கும் உங்கள் ஊர் நாணயத்தின் அளவு தெரியாது. விவரம் தெரிந்தவரிடம் காட்டும்போது இந்த நான்கு படத்தோடு இடம், அடுக்கு, கூடக் கிடந்தவை என்ன என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஒற்றைப் படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால் "நத்தை" என்றுதான் பதில் வரும், அது நியாயமான பதில். முடிந்தால் சாலமன்ஸ் ஊரில் உள்ள கால்வர்ட் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுத்தம் செய்து வைத்திருக்கும் எக்ஃபோராக்களைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், நூலின் ஓவியத்தில் புரியாத விலா அமைப்பு ஒரே பார்வையில் புரியும்.

நூல்களில் பெயர் தேடும்போது ஒரு நுணுக்கம். இனப்பெயருக்குப் பின்னால் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த இனம் முதலில் வேறு பேரினத்தில் இருந்து பிறகு மாற்றப்பட்டது என்று பொருள். குவாட்ரிகோஸ்டேட்டாவுக்குப் பின்னால் சேயின் பெயர் அடைப்புக்குறிக்குள் வருவது அதனால்தான். அவர் அதை ஃபியூசஸ் என்றுதான் விவரித்தார். அடைப்புக்குறியைப் பார்த்தால் பழைய பேரினப் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள். நல்ல ஓவியங்கள் பல பழைய பெயரில்தான் புதைந்து கிடக்கின்றன. 1904-ல் மேரிலாண்டு நிலவியல் ஆய்வகம் வெளியிட்ட மயோசீன் தொகுதிகளின் படத்தட்டுகள் இன்றும் எனக்குப் பயன்படுகின்றன, பெயர்கள் பாதி மாறியிருந்தாலும்.

எக்ஃபோராவில் இனங்கள் எத்தனை என்று கேட்டால் ஆய்வாளர்களே ஒத்துக்கொள்வதில்லை. எட்வர்ட் பெட்டுக் போன்றவர்கள் சிறு வேறுபாட்டுக்கும் தனிப் பெயர் வைப்பார்கள். ஒரே இனத்துக்குள் இயல்பாக இருக்கும் வேறுபாடுதான் இது என்று அவற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. என் சாய்வு சேர்ப்பவர்கள் பக்கம். ஒரே அடுக்கில் எடுத்த துண்டுகளை வரிசையாக அடுக்கினால் விலாவின் அகலம் படிப்படியாக மாறுவது தெரிகிறது. எங்கே கோடு கிழிப்பது என்று என் கண்ணுக்குப் புலப்படவில்லை. இது என் மேசையின் தீர்ப்பு மட்டும்தான், ஆய்வுக் கட்டுரை அல்ல.

சீட்டு எழுதும்போது தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். பேரினம் வரைதான் உறுதி என்றால் "எக்ஃபோரா எஸ்பி." போதும். ஒரு இனத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் முழுசாக நிரூபிக்க முடியவில்லை என்றால் பேரினத்துக்கும் இனத்துக்கும் நடுவே "சிஎஃப்." என்று சேர்க்கும் வழக்கம் துறையிலேயே இருக்கிறது. என் டப்பாக்களில் பெரும்பான்மை இந்த இரண்டு வகைதான். இடமும் தேதியும் சீட்டில் இருக்கும்வரை பின்னால் வருகிறவர் பெயரைத் திருத்திக்கொள்வார். இடம் எழுதாத சங்கை எந்த நிபுணராலும் காப்பாற்ற முடியாது. எண்ணைச் சங்கின் மீதே, உள்பக்கமாகச் சின்னதாக எழுதிவிட்டால் சீட்டு தொலைந்தாலும் கவலையில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் புதைபடிவங்களுக்குப் பெயர்போன அரியலூரைத்தான் உடனே நினைப்பீர்கள். சரிதான். அங்கே இருப்பது மயோசீன் அல்ல, அதைவிட மிகப் பழைய கிரெட்டேஷியஸ் கடல். அங்கேயும் கருடமங்கலம், ஊட்டத்தூர், காரை என்று அடுக்கு மாறினால் சங்கும் மாறும். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் தென்னிந்தியக் கிரெட்டேஷியஸ் சங்கு சிப்பிகளை விவரித்தார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா 1860-களின் இறுதியில் நத்தைகளுக்கென்றே ஒரு முழுத் தொகுதி எழுதினார். அதன் படத்தட்டுகள்தான் இன்றுவரை அங்கே தொடங்குமிடம். அந்தப் பெயர்களில் பலவற்றின் பேரினம் மாறிவிட்டது என்பதை மறக்காமல் அடைப்புக்குறியைப் பாருங்கள்.

அங்கே வேறொரு தொல்லையும் உண்டு. பல இடங்களில் ஓடு முழுக்கக் கரைந்து, உள்ளே நிரம்பிய மண் மட்டும் கல்லாகி, சங்கு வடிவில் கிடைக்கும். அது உள்வார்ப்பு. விலா, நுண்வரி எதுவும் பெரும்பாலும் அதன்மேல் பதியாது. அதை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்பவரை நம்ப வேண்டாம். அதைச் சுற்றியிருந்த கல்லையும் உடைந்த துண்டுகளாகவே சேர்த்து எடுத்து வாருங்கள். ஓட்டின் வெளிப்பக்கம் பதிந்த அச்சு அந்தக் கல்லின் உள்முகத்தில்தான் இருக்கும். அதில் ரப்பர் பால் ஊற்றிக் காயவிட்டு உரித்தால், கரைந்துபோன சங்கின் விலாவும் வரியும் அப்படியே கைக்கு வரும். பிறகு எண்ண ஆரம்பிக்கலாம், கடைசிச் சுற்றிலிருந்து.